ரயில்வே கேட், ஒரு கடிதம், ஐந்து ஆண்டு: முதல்முறை எம்.பி. ஒருவரின் நிகழ்வு ஆய்வு

## யார், எங்கே

2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையில், தமிழ்நாட்டின் தென்மாவட்டத் தொகுதி ஒன்றுக்கு எம்.பி.யாக இருந்தவரிடம் நான் உதவியாளராக வேலை பார்த்தேன். அந்த ஐந்து ஆண்டில் அவர் கையிலெடுத்த ஒரே ஒரு கோரிக்கை எப்படி நகர்ந்தது, எங்கே நின்றது, யாரால் நின்றது என்பதைத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர், கட்சி எதுவும் வராது. எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "என் தப்பையும் சேத்துப் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

கரிசல் காட்டு மானாவாரி விவசாயி வீட்டுப் பிள்ளை. பி.காம். முடித்துவிட்டு ஒரு பருத்தி ஜின்னிங் ஆலையில் கணக்கு எழுதினார். கட்சியில் கிளைச் செயலாளராகத் தொடங்கி ஒன்றியச் செயலாளர் வரை வந்தார். 2006 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் ஒரு முறை ஒன்றியக் குழுத் தலைவர். நிர்வாகம் என்று அவர் கற்றதெல்லாம் அந்த ஐந்து வருடத்தில்தான். பி.டி.ஓ.வோடு உட்கார்ந்து எஸ்டிமேட் போட வைப்பார், ஒப்பந்ததாரரை விரட்டுவார், மூன்று மாதத்தில் தெருவுக்கு சிமென்ட் சாலை வந்துவிடும். அந்த வேகத்தைப் பழகிக்கொண்டுதான் டெல்லிக்குப் போனார்.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38 ஒரே அணிக்குப் போன தேர்தல் அது. இங்கே அமோக வெற்றி, அங்கே எதிர்க்கட்சி வரிசை. ஜூன் 18 அன்று தமிழ்நாட்டு உறுப்பினர்கள் தமிழில் உறுதிமொழி எடுத்த காட்சி ஊரில் எல்லா போனிலும் ஓடியது. அதற்கு மறுநாளே வீட்டு வாசலில் கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு, அது பலருக்கு நினைவில் இருக்காது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். ஊரில் கவுன்சிலரும் இல்லை, தலைவரும் இல்லை, தனி அலுவலர் மட்டும். ஆகவே தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் எம்.பி., சாக்கடை அடைத்தாலும் எம்.பி. அதற்கு மேல் எம்.பி.க்கே உரிய கடிதங்கள் தனி: ரயில் டிக்கெட் உறுதியாக ஈ.கியூ. (அவசர ஒதுக்கீடு) கடிதம், அறுவை சிகிச்சைக்கு பிரதமர் நிவாரண நிதிக் கடிதம், திருப்பதி தரிசனக் கடிதம், கேந்திரிய வித்யாலயா சீட். அந்த சீட் ஒதுக்கீடு எம்.பி. ஒருவருக்கு வருடத்துக்கு 10. கேட்டு வருகிறவர்களோ நூற்றுக்கணக்கில். 2022இல் அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிட்டபோது எங்கள் அலுவலகத்தில் யாரும் வருத்தப்படவில்லை என்பதே உண்மை. பத்துப் பேருக்குக் கொடுத்து மற்ற எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்கும் ஏற்பாடு அது.

இந்த வேலைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். உதவியாளர் சம்பளத்துக்கென்று எம்.பி.க்கு வந்த மாதம் 40,000 ரூபாயை இருவரும் பகிர்ந்துகொண்டோம். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் தவறு ஒன்று இதோடு சம்பந்தப்பட்டது.

## கேட்

தொகுதியிலுள்ள தாலுகா தலைநகர் ஒன்று. தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிளந்து போகிறது. மேற்கே பேருந்து நிலையம், கடைவீதி, பள்ளிகள். கிழக்கே அரசு மருத்துவமனை, கோர்ட், தாலுகா ஆபீஸ். நடுவில் ரயில்வே கேட். மீட்டர் கேஜ் காலத்தில் நாளைக்கு நாலைந்து பாசஞ்சர் போகும், கேட் போட்டால் பீடி பற்ற வைத்து முடிப்பதற்குள் திறந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அகலப் பாதை ஆனபின் விரைவு வண்டிகள், கூட்ஸ் வண்டிகள். பள்ளி நேரத்தில் கேட் விழுந்தால் பேருந்து, மினி பஸ், டிராக்டர், சைக்கிள் எல்லாம் கடைவீதி முனைவரை நிற்கும். 108 வண்டி நடுவில் மாட்டிக்கொண்டு சைரன் அடிப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன சத்தம்.

மேம்பாலம் வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. தேர்தல் பிரசாரத்தில் அவர் கொடுத்த பெரிய வாக்குறுதியும் அதுதான். எப்படி வரும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டது இது. கேட் வழியே ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வாகனங்களின் மதிப்பையும் பெருக்கி ஒரு கணக்குப் போடுவார்கள். அந்த எண் 1 லட்சத்தைத் தொட்டால், ரயில்வேயும் மாநில அரசும் பாதிப் பாதிச் செலவில் மேம்பாலம் கட்டலாம். தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதி ரயில்வேயின் வேலை. இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் அணுகு சாலையும் அதற்கான நிலமெடுப்பும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் வேலை. இரு தரப்பும் சேர்ந்து ஒரு பொது வரைபடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பாலம் வந்ததும் கேட்டை மூடச் சம்மதம் என்று மாநிலத் தரப்பு எழுதித் தர வேண்டும். எங்கள் கேட் 1 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அவர் எம்.பி. ஆவதற்கு முன்பே கடைவீதி வழியாக ஒரு தடமும் குறித்து வைத்திருந்தார்கள்.

அதாவது, அவர் பதவி ஏற்றபோது கோப்பு உயிரோடுதான் இருந்தது.

## முதல் வருடம்: எண்ணிக்கைக் காய்ச்சல்

2019 ஜூலை 11 அன்று ரயில்வே மானியக் கோரிக்கை விவாதம் கிட்டத்தட்ட நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை போனது. ஏறக்குறைய நூறு உறுப்பினர்கள் பேசிய இரவு அது. எங்களவருக்கு வாய்ப்பு வந்தது பத்து மணிக்கு மேல், சில நிமிடங்கள் மட்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்து, தமிழில் பேசினார். கேட், ஆம்புலன்ஸ், மேம்பாலம் எல்லாம் வந்தது. மறுநாள் உள்ளூர் செய்தித்தாள்களில் படத்தோடு செய்தி. ஊரில் வாழ்த்துத் தட்டி.

அந்தத் தட்டிதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. பேசினால் செய்தி, கேள்வி கேட்டால் செய்தி. அப்புறம் எம்.பி.க்களின் வருகை, கேள்வி எண்ணிக்கை எல்லாம் இணையத்தில் பட்டியலாக வருகிறது, கட்சித் தலைமையும் பார்க்கிறது. ஆகவே கேள்விகளை எண்ணிக்கைக்காகப் போட ஆரம்பித்தோம்.

கேள்வி நேரம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, நட்சத்திரமில்லாதவை 230. எவை பட்டியலில் வரும் என்பது குலுக்கல். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வி கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரயில்வேக்கு மக்களவையில் புதன்கிழமை.

நாங்கள் அனுப்பிய முதல் கேள்வி வார்ப்பு மாதிரி: கேட்டுக்கு மேம்பாலம் கட்ட அரசு உத்தேசித்துள்ளதா, ஆம் எனில் விவரம் என்ன, இல்லை எனில் காரணம் என்ன. இப்படிக் கேட்டால் வருகிற பதிலும் வார்ப்புதான். மேம்பாலப் பணிகளை எடுப்பது தொடர்ந்து நடந்துவரும் ஒன்று. பாதுகாப்பு, போக்குவரத்து, சாத்தியக்கூறு பார்த்து முன்னுரிமை தரப்படும். பதிலில் பொய் எதுவும் இல்லை. நாங்கள் கேட்டதற்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, அங்கிருந்து போக என்ன தாள் பாக்கி என்று நாங்கள் கேட்கவே இல்லை.

## வணிகர்கள் கேட்ட கடிதம்

2019 கடைசியில் கடைவீதி வணிகர்கள் வந்தார்கள். குறித்து வைத்திருந்த தடத்தில் பாலம் வந்தால் வடக்கு வரிசைக் கடைகளின் முன்பகுதி போகும், சில கடைகள் முழுதாகவே போகும். வந்தவர்களில் பாதிப்பேர் தேர்தலில் அவருக்காக வேலை பார்த்தவர்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது: "பாலம் வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. ஊருக்கு வெளியே தள்ளிப் போட்டா எல்லாருக்கும் நல்லது."

அவர் ஒரு நாள் யோசித்தார். மூன்று விஷயம் அவர் மனதில் இருந்தது. வணிகர்களை முழுதாகப் பகைத்துக்கொள்ள முடியாது. மாற்றுத் தடத்தைப் பார்க்கச் சொல்வதால் பழைய தடம் ரத்தாகிவிடாது, இரண்டும் ஒரே நேரத்தில் நகரும் என்று நினைத்தார். மூன்றாவது, ஒன்றியத் தலைவராக இருந்தபோது எஸ்டிமேட்டை இரண்டு முறை மாற்றியும் வேலை நடந்திருக்கிறது. ஆக, கடைவீதியைத் தவிர்த்துத் தெற்கே வயல் பக்கமாக ஒரு மாற்றுத் தடத்தைப் பரிசீலிக்கும்படி ரயில்வே கோட்ட மேலாளருக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கடிதம் எழுதச் சொன்னார். தட்டச்சு செய்தது நான்தான். ஒரு பக்கம். நகலை வணிகர் சங்கத்துக்கும் கொடுத்தோம். சால்வை போட்டார்கள்.

அந்தக் கடிதம் வருகைப் பதிவேட்டில் ஏறியது. அதன்பின் என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. மாதத்துக்குச் சில நூறு கடிதம் போகும் அலுவலகத்தில் அனுப்பியதற்குக் கணக்கு இருந்தது, பதில் வந்ததா என்பதற்கு இல்லை.

## நின்றுபோன இரண்டு வருடம்

2020 மார்ச் 23 அன்று கூட்டத்தொடர் பாதியில் முடிந்தது. அதற்கு அடுத்து செப்டம்பரில் நடந்த கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லை, எழுத்து பதில் மட்டும். அந்த வருடக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவில்லை. ஏப்ரலில் தொகுதி மேம்பாட்டு நிதியை நிறுத்தினார்கள். வருடத்துக்கு 5 கோடி ரூபாய் வர வேண்டியது, 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியபோது அந்த நிதியாண்டின் மிச்சத்துக்கு 2 கோடி என்றார்கள். ஐந்து ஆண்டுக்கு 25 கோடி என்று ஊரில் எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தது 17 கோடிக்கான உரிமைதான். அந்த 8 கோடியை எங்கே விட்டீர்கள் என்று கடைசிவரை கேட்டார்கள். அந்த நிதியில் எம்.பி. பணத்தைத் தொடுவதே இல்லை, பரிந்துரை மட்டும்தான், அனுமதியும் செலவும் கலெக்டர் தரப்பில் என்று விளக்கிச் சொன்னால், "அப்ப உங்க வேலைதான் என்ன?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

நிலமெடுப்பிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களின் கீழான நிலமெடுப்புக்கு அடிப்படையாக இருந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. மாநில அரசு அதே வருடம் புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 ஜூனில். எங்கள் ஊர்ப் பாலம் நகராததற்கு இதுவே காரணம் என்று நாங்கள் நம்பினோம், வருகிறவர்களிடமும் சொன்னோம். அதில் பாதிதான் உண்மை.

## ஒரு பதிலில் ஒளிந்திருந்தது

2021 கடைசியில் வேறொரு கேள்விக்கு, மாற்றுத் தடத்துக்கான சாத்தியக்கூறு ஆராயப்பட்டு வருகிறது என்று எழுத்தில் பதில் வந்தது. பாலம் மத்திய அரசின் பரிசீலனையில் என்று செய்திக்குறிப்பு அனுப்பினோம். மறுபடி தட்டி.

சில மாதம் கழித்து, வேறு கட்சி மூத்த எம்.பி. ஒருவரின் உதவியாளரோடு டெல்லியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பல வருடம் அந்த வேலையில் ஊறியவர். பதிலைக் காட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, இது அஷ்யூரன்ஸ் ஆயிருக்குமே, பின்தொடர்ந்தீங்களா?" என்றார். நான் விழித்தேன்.

விஷயம் இதுதான். அமைச்சர் அவையில் கொடுக்கும் பதிலில் "பரிசீலனையில் உள்ளது", "ஆராயப்பட்டு வருகிறது", "தகவல் சேகரிக்கப்படுகிறது" போன்ற சொற்கள் வந்தால் அது உறுதிமொழி என்று பதிவாகும். அப்படி எந்தெந்தச் சொற்கள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பதிவான உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். முடிந்ததும் நிறைவேற்ற அறிக்கை ஒன்றை அவையில் வைக்க வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 15 உறுப்பினர்கள் கொண்ட அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மழுப்பல் என்று நாம் தூக்கிப் போடும் பதில்தான் அமைச்சகத்தைக் கட்டிப்போடும் பதில். தட்டி வைப்பதற்குப் பதிலாக நாங்கள் நாள் எண்ணியிருக்க வேண்டும்.

பார்த்தோம். பதிவாகியிருந்தது. அவகாசமும் கேட்டிருந்தார்கள். குழுவுக்குக் கடிதம் எழுதினோம், கோட்ட அலுவலகத்துக்கும் நேரில் போய் நிலவரம் கேட்டோம். கடைசியில் கையில் கிடைத்த குறிப்பைப் படித்துவிட்டு எம்.பி. கொஞ்ச நேரம் பேசவில்லை.

பழைய தடத்தின் வரைபட வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். தொகுதி எம்.பி.யே மாற்றுத் தடம் கேட்டு எழுதியிருக்கிறார், அது முடிவாகாமல் பழையதில் மேலே போக முடியாது. மாற்றுத் தடத்தில் நெடுஞ்சாலைத் துறையின் கருத்துக்காக ரயில்வே காத்திருந்தது. ரயில்வே முதலில் சொல்லட்டும் என்று நெடுஞ்சாலைத் துறை காத்திருந்தது. இரண்டு தரப்பும் அவர்கள் முறைப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். கோப்பைக் கட்டிப்போட்டது நான் தட்டச்சு செய்த அந்த ஒரு பக்கம்.

## எடுத்த முடிவு

மூன்று வழி இருந்தது.

மாற்றுத் தடத்தையே பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் வயல் பக்கம் கேட்டே கிடையாது. கேட்டுக்கு மாற்றாகத்தான் பாதிச் செலவை ரயில்வே ஏற்கும், வாகனக் கணக்கும் கேட்டில் எடுத்ததுதான். புது இடத்தில் பாலம் என்றால் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில். இதைக் கோட்டப் பொறியாளர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் விளக்கினார். கடிதம் எழுதுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடத்தை யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது, உயரம் குறைந்த சுரங்கப்பாதை. சீக்கிரம் முடியும், நிலமும் அதிகம் வேண்டாம். அவருடைய பதவிக் காலத்துக்குள்ளேயே ரிப்பன் வெட்டியிருக்கலாம். கட்சிக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் பேருந்து போகாது, ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நிற்கும். பக்கத்து ஊர்களில் அப்படித் தேங்கி நின்ற சுரங்கப்பாதைகளை எல்லாரும் பார்த்திருந்தோம். ஒருமுறை சுரங்கப்பாதை வந்துவிட்டால் மேம்பாலத்துக்கான நியாயமும் போய்விடும்.

மூன்றாவது, கடிதத்தைத் திரும்பப் பெறுவது. வணிகர்களிடம் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டுத் திரும்பப் பெறுவது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். 2022இல், எம்.பி. தலைமையில் கலெக்டர் நடத்தும் திஷா கூட்டத்தில், மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் அந்தக் குழுவில், இரண்டு தரப்பு அதிகாரிகளையும் வரவழைத்தார். மாவட்டத்தில் இரு துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க எம்.பி.க்கு இருக்கும் இடம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதுவரை அந்தக் கூட்டத்தை ஊரக வேலைத் திட்டக் கணக்குப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தி வந்தோம்.

வணிகர்களிடம் பேசிய மாலை சங்கக் கட்டடத்தில் நடந்தது. கடிதம் எழுதியது தன் தவறு என்றும், பழைய தடத்துக்கே சம்மதம் கொடுக்கப் போகிறேன் என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அதே மளிகைக் கடைக்காரர் எழுந்தார்: "அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா நாங்க வேற கடை பாத்திருப்போம்லா அண்ணாச்சி. ரெண்டு வருசமா நம்பிக்கிட்டு இருந்தோம்." கோபத்தில் சொன்னதைவிட இது அவரை அதிகம் பாதித்தது. திரும்பி வரும்போது காரில் இரண்டு முறை இதையே சொன்னார்.

அங்கே இன்னொன்றும் புரிந்தது. அதிகம் எதிர்த்தவர்கள் கட்டட உரிமையாளர்கள் இல்லை. அவர்களுக்கு 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டத்தின் அளவுகோலில் இழப்பீடு வரும், சிலர் உள்ளூர மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். பயந்தவர்கள் அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்கு உட்கார்ந்திருந்தவர்கள். நிலத்துக்கான பணம் அவர்கள் கைக்கு வராது, வாடிக்கையாளர் போய்விடுவார்கள். எல்லாரையும் "வணிகர்கள்" என்று ஒரே கூட்டமாகப் பார்த்தது எங்கள் இன்னொரு தவறு. நகராட்சியின் வணிக வளாகத்தில் அவர்களுக்கு முன்னுரிமை கேட்டார். ஏலம்தான் விதி என்றார்கள். சிலர் ஏலத்தில் எடுத்தார்கள், பலரால் முடியவில்லை.

## பின்னால் நடந்தவை

கடிதம் திரும்பப் பெறப்பட்டதும் கோப்பு நகர்ந்தது. கூட்டு ஆய்வு நடந்தது, வரைபடம் ஒப்புதலானது, நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் நிலமெடுப்பு நோட்டீஸ் கடைகளுக்குப் போனது. அன்று கடைவீதி அடைப்பு. அவர் வீட்டு வாசலில் கறுப்புக் கொடி. அவரே வெளியே வந்து நாற்காலி போடச் சொன்னார், யாரும் உட்காரவில்லை.

2023 டிசம்பரில், நிலமெடுப்புக்குப் பிறகான கால அட்டவணை என்ன என்று கேட்டு ஒரு கேள்வி போட்டோம். இந்த முறை வார்ப்பு இல்லை: எந்தத் தேதியில் எந்த ஒப்புதல் வந்தது, அடுத்தது யாரிடம் என்று கேட்டிருந்தோம். குலுக்கலில் வந்தது, கடைசிப் புதன்கிழமைக்குப் பட்டியலானது. அதற்குள் டிசம்பர் 13 அன்று அவைக்குள் இருவர் குதித்த சம்பவம், அது பற்றி உள்துறை அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்ற போராட்டம், தொடர் இடைநீக்கம். இரண்டு அவைகளிலுமாக 146 பேர். முதல் நாள் பட்டியலில், அன்று அவைக்கே வராத தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர் பெயரும் ஏறி, பிறகு நீக்கினார்கள். அவ்வளவு அவசரம். எங்களவரும் இடைநீக்கம் ஆனார். இடைநீக்கம் ஆனவரின் கேள்வி பட்டியலிலிருந்து போய்விடும். ஐந்து ஆண்டில் நாங்கள் ஒழுங்காக எழுதிய ஒரே கேள்வி அப்படிப் போனது. பதாகை பிடித்தது சரியா தவறா என்று அவரிடம் கேட்டேன். "கட்சி நிக்கும்போது நான் மட்டும் உக்கார முடியாதுல்லா" என்றார். வாதத்துக்கு இடமில்லை, ஆனால் கேட்டில் காத்து நிற்கிறவனுக்கு அது பதில் ஆகாது என்பது அவருக்கும் தெரியும்.

2024 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 10 வரை கடைசிக் கூட்டத்தொடர். புதுக் கட்டடத்தில், 377ஆவது விதியின் கீழ் அதே விஷயத்தை எழுத்தில் வைத்தார். அந்த விதியில் வைத்தால் அமைச்சரிடமிருந்து உறுப்பினருக்குக் கடிதமாகப் பதில் வரும். வந்த பதிலில் தேதிகள் இருந்தன. அதற்கு யாரும் தட்டி வைக்கவில்லை.

மார்ச்சில் வேட்பாளர் பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போயிருந்தது. கடைவீதிதான் காரணமா என்று பலர் கேட்டார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொகுதிப் பங்கீட்டு மேசையில் ஒரு ஊரின் கடைவீதிக்கு எவ்வளவு எடை என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. ஏப்ரல் 19 அன்று புது வேட்பாளருக்காகக் காலையிலிருந்து வாக்குச்சாவடி சுற்றினார்.

## மறுபடி செய்தால்

முதலில், அந்தக் கடிதம். எம்.பி.யின் கடிதத்தாளுக்கு வேகத்தைக் கூட்டும் சக்தி குறைவு, நிறுத்தும் சக்தி நிறைய. ஓடுகிற கோப்பில் "பரிசீலிக்கவும்" என்று எழுதுவது நிறுத்தச் சொல்வதற்குச் சமம். இப்போதென்றால் கையெழுத்துக்கு முன் இரு துறைகளின் உதவிப் பொறியாளர்களோடு பேசிவிட்டுத்தான் தாளை எடுப்பேன். உயர் அதிகாரியைவிட அவர்களுக்குத்தான் கோப்பின் உடம்பு தெரியும்.

கேள்விகளில் பாதிக்கும் மேல் வீண். எண்ணிக்கையில் நாங்கள் மோசமில்லை, அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு. குறைவாகக் கேட்டு, வந்த ஒவ்வொரு பதிலையும் உறுதிமொழிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆளை வைத்திருக்கலாம். இரண்டு பேரில் ஒருவர் ஈ.கியூ. கடிதத்திலேயே நாளைக் கழித்துக்கொண்டிருந்தோம், அந்த வேலையை நிறுத்தியிருந்தால் இதற்கு நேரம் கிடைத்திருக்கும். ஆனால் நிறுத்தியிருக்க முடியுமா? ஈ.கியூ. கிடைத்தவர் மறக்கமாட்டார். உறுதிமொழிக் குழுவை யாருக்கும் தெரியாது. இதற்கு என்னிடம் விடை இல்லை.

வாடகைக் கடைக்காரர்களை 2019லேயே தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அப்போது வணிக வளாகம் கட்டுமானத்தில் இருந்தது. நகர்மன்றம் இல்லாத காலம், தனி அலுவலரிடம் பேசி ஏதாவது ஏற்பாடு செய்திருக்க வாய்ப்பு இருந்தது. 2022இல் அது மூடிய கதவு.

சுரங்கப்பாதை வேண்டாம் என்ற முடிவை மாற்றமாட்டேன். அவரும் மாற்றமாட்டேன் என்கிறார். பதவியில் இருந்தும் ஒரு பலகைகூட அவர் பெயரில் இல்லாமல் போனதற்கு அந்த முடிவுதான் நேரடிக் காரணம், அது அவருக்குத் தெரிந்தே எடுத்தது.

கடைசியாக ஒரு விஷயம். ஒரு எம்.பி. போய் இன்னொருவர் வரும்போது கோப்புகளைக் கைமாற்றிக் கொடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது. கடிதங்கள், பதில்கள் எல்லாம் பழையவர் வீட்டு அலமாரியில் கிடக்கும், புதியவர் முதல் கேள்வியிலிருந்து தொடங்குவார். 2024 ஜூன் கடைசியில், மேம்பாலக் கோப்பின் நகல் முழுவதையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கக் குறிப்பு வைத்து, புது எம்.பி.யின் உதவியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பையன் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியை எப்போது போடலாம் என்று கேட்டான். குறிப்பின் மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னேன்.